நண்டுக்குக் கண்ணாடி

2014 ஜூன் 3, செவ்வாய்

இன்று முச்சக்கரவண்டியில் இரண்டு பெட்டி நட்பு வந்து இறங்கியது. கொழும்பிலுள்ள ஒரு நிறுவனம் நான் பொறுப்பாளராக இருக்கும் வாசிகசாலைக்கு அன்பளிப்பாக அனுப்பிய சிறுவர் படக்கதைப் புத்தகங்கள். மொத்தம் அறுபது. எல்லாவற்றிலும் ஒரே சங்கதி: ஒரு கரடி, ஒரு முயல், எங்கு பார்த்தாலும் பனி. கரடி முயலைத் தள்ளிவிடும். முயல் அழும். ஓர் அணில் வந்து, அப்படிச் செய்யாதே என்று சொல்லும். கரடி உடனே திருந்தி முயலுக்குக் கம்பளித் தொப்பி பின்னிக் கொடுக்கும்.

ஐம்பத்தொரு வருடமாகக் கரடிகளோடுதான் வாழ்கிறேன். ஒன்றுகூடத் தொப்பி பின்னி நான் பார்த்ததில்லை.

அதுவும் எங்கள் பள்ளிவாசல்துறையில் கம்பளித் தொப்பி! வெளியே மணலில் வெறுங்காலை வைத்தால் தோல் உரிகிறது.

பெட்டிகளைப் பிரித்துப் பதிவு போடும்படி ஆமையிடம் சொன்னேன். ஆமை என்பது எங்கள் நூலக உதவியாளர் பரீனா. ஒரு புத்தகத்துக்கு அவள் இலக்கம் ஒட்டி முடிப்பதற்குள் நான் அந்தப் புத்தகத்தை வாசித்தே முடித்துவிடுவேன். நான்கு வருடத்துக்கு முன், வாசகர்கள் நிறைந்திருந்த ஒரு சனிக்கிழமை அந்தப் பெயர் என் வாயில் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். ஒட்டிக்கொண்டது. இப்போது தபால்காரரே "ஆமை மிஸ் இல்லையா?" என்றுதான் கேட்கிறார். பட்டப்பெயர் வைப்பதில் எனக்கு ஒரு கைராசி உண்டு.

ஜூன் 5, வியாழன்

பனிக்கரடிப் புத்தகத்தை ஒரு பொடியன் எடுத்துப் பார்த்தான். "சேர், இந்த வெள்ள நாய் என்ன சாதி?" என்று கேட்டான். அன்பளிப்பின் பயன் அவ்வளவுதான்.

ஜூன் 11, புதன்

புத்தகம் அனுப்பிய நிறுவனத்தின் புத்தளத்து இணைப்பாளர் வந்தாள். பெயர் ஃபஹ்மியா. நான் வைத்த பெயர் மடிக்கணினி. அதைத் திறக்காமல் அவளால் சலாம்கூடச் சொல்ல முடியாது.

"சேர், புள்ளைகளுக்கு இந்த இடத்துக் கதை ஒன்டு வேணும். எங்கட களப்பு, எங்கட மீன். கூட்டாளித்தனமும் வரணும், சேட்டை செய்றவன எதுத்து நிக்கிறதும் வரணும். நீங்க எழுதினா என்ன? உங்களப் போல படிச்ச ஆள் இந்தப் பக்கத்துல இல்லையே."

கடைசி வாக்கியம் உண்மை. ஆனாலும் மறுத்தேன். பல்கலைக்கழகத்தில் சங்க இலக்கியம் படித்தவன் முயலுக்கு வசனம் எழுதுவதா?

அவள் மடிக்கணினியை மூடிக்கொண்டே சொன்னாள்: "சிறுவர் தினத்துக்கு வெளியிடுவம் சேர். பிரதம அதிதியா ஆரக் கூப்புடுறது என்டுறதையும் நீங்களே முடிவு செய்ங்க."

பிரதம அதிதி. முன்வரிசை. எழுந்து போக முடியாத கதிரை.

ஓம் என்று சொல்லிவிட்டேன்.

இதை எனக்காகவே எழுதி வைக்கிறேன். 1976, மன்னார், ஹஜ் பெருநாளின் இரண்டாம் நாள். நான் எட்டாம் வகுப்பு. எங்கள் ஊர்ப் பொடியன் சரீபும் அவன் வால்கள் நால்வரும் என்னைப் பிடித்து ஒரு கழுதையின் மேல் வால் பக்கம் பார்க்க ஏற்றினார்கள். வலைக்கயிற்றால் கால் இரண்டையும் அதன் வயிற்றுக்குக் கீழே சேர்த்துக் கட்டினார்கள். கடற்கரை நெடுக நடத்திச் சென்றார்கள். "கொக்குப் போறான், கொக்குப் போறான்!" என் கழுத்து நீளம், அதனால் கொக்கு. பெயர் வைத்தவன் சரீப். அந்தக் கழுதைக்கும் இதில் விருப்பமில்லை என்பது நன்றாகத் தெரிந்தது. அஸர் தொழுதுவிட்டு வந்த வாப்பா எங்களைப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

தொண்ணூறில், போர்க் காலத்தில், முஸ்லிம்களான எங்களை மன்னாரை விட்டுத் துரத்தியபோது ஆளுக்கு ஒரு பைதான். தங்கம், சைக்கிள், காணி உறுதிக் கடதாசி எல்லாவற்றையும் வழியில் விட்டோம். இந்தக் கோபத்தை மட்டும் யாரும் சோதனைச் சாவடியில் பறிக்கவில்லை. முப்பத்தெட்டு வருடமாகப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சரீபும் இங்கேதான் வந்து சேர்ந்தான். பக்கத்து மாம்புரியில் ஐஸ் தொழிற்சாலை. பள்ளிவாசல் நிருவாகத்தில் பெரிய ஆள். நான் பதினைந்து வருடம் தொண்டர் ஆசிரியனாக 'அகதி மாஸ்டர்' என்று பெயர் வாங்கிக்கொண்டிருக்க, அவன் முதலாளி.

வரட்டும். முன்வரிசையில் இருக்கட்டும். தன் கதையைத் தானே கேட்கட்டும்.

ஜூன் 15, ஞாயிறு

ஒரே இருப்பில் எழுதி முடித்தேன். இவ்வளவு மகிழ்ச்சியாக நான் எழுதியதே இல்லை.

களப்பில் ஒரு நண்டு. கரையில் உள்ள எல்லோருக்கும் அது பட்டம் தெளிக்கும். இறாலைக் கூனி என்னும். ஆமையை நாளைக்கு வருவாள் என்னும். தட்டையான திருக்கையை விரித்த படங்கு என்னும். ஒருநாள் அது ஒரு கொக்குக் குஞ்சைக் கழுதையின் முதுகில் வால் பக்கம் பார்க்க ஏற்றிவிட்டுக் கழுதையின் வாலைக் கடிக்கும். கழுதை ஓடும். கரையே சிரிக்கும்.

கொக்குக் குஞ்சு வளர்கிறது. கடைசிப் பக்கத்தில் நண்டைத் தின்றுவிடுகிறது.

இயற்கைக்கு மாறான ஒரு வரி அதில் உண்டா? இல்லை.

ஜூன் 18, புதன்

ஃபஹ்மியா தொலைபேசியில் அழைத்தாள்.

"சேர், கதை நல்லாரிக்கி. ஆனா கடைசிப் பக்கம்… இது கூட்டாளித்தனத்தப் பத்தின புத்தகம்."

"கொக்கின் வயிற்றுக்குள்தானே நண்டு இருக்கிறது. அதைவிட நெருக்கம் எங்கே கிடைக்கும்?"

"சேர்!"

"சரி. குழம்பாக்கிவிடலாமா?"

கொழும்பில் ஒப்புக்கொள்ள மாட்டார்களாம். நண்டு திருந்த வேண்டுமாம். எப்படி என்று கேட்டேன். அதுதான் சேர் நீங்கள் எழுத வேண்டியது என்றாள். கடைசிப் பக்கத்தை வெறுமையாக விட்டு, படம் வரைகிற வேலையை முதலில் தொடங்கலாம் என்று முடிவானது. எனக்கும் அவசரமில்லை. நண்டு திருந்துவதை எழுத வேண்டுமானால் நான் அதை எங்காவது ஒரு முறை பார்த்திருக்க வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

நோன்பு. தலையிடி. இந்த நிலையில் படம் வரைகிறவள் வந்து சேர்ந்தாள். உடப்பைச் சேர்ந்த சித்திர ஆசிரியை லோஜினி. ஆள் ஒல்லி, எனவே பென்சில்.

நண்டுக்கு என்ன முகம் வைப்பது என்று கேட்டாள். நண்டின் முகம் என்றேன்.

"அப்படி வராது சேர். நான் ஆக்களப் பாத்துத்தான் கீறுவன். மிருகம் எண்டாலும் உள்ளுக்க ஒராள் இருக்கோணும். இந்த நண்டு ஆர்?"

சரீபின் பெயரைச் சொல்ல நான் மடையனா? நாளைக்கு அவன் வழக்குப் போட்டால்? ஆளைச் சொல்லாமல் குணத்தை மட்டும் சொன்னேன். முப்பத்தெட்டு வருடமாக மனப்பாடம் செய்தது, அருவிபோல வந்தது. "கதைக்கும்போது ஆளின் முகத்தைப் பார்க்க மாட்டான். கையில் கிடைப்பதை வைத்து மேசையில் தட்டிக்கொண்டே இருப்பான், அந்தச் சத்தத்திலேயே எதிரில் நிற்பவனுக்குப் பாதி உயிர் போய்விடும். யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டான். ஒருவனைப் பற்றிப் பகிடி விட்டால், சபை சிரிக்கிறதா என்று மட்டும் திரும்பிப் பார்ப்பான். அந்த ஒருவனைப் பார்க்க மாட்டான்."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "விளங்குது சேர்," என்றாள். பிறகு மூலைக் கதிரையில் இருந்து இரண்டு மணித்தியாலம் கொப்பியில் எதையோ கிறுக்கினாள். இடையில் ஆமை ஒரு பதிவேட்டைத் தவறிக் கீழே போட்டுவிட்டது. "ஏய் ஆமை, முட்டை போட்டது போதும், எடு!" என்றேன். பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். பென்சில் சிரிக்கவில்லை. உடப்புக்காரிக்குப் பகிடி விளங்காது போலும்.

ஜூலை 29, செவ்வாய்

பெருநாள். என் மனைவி றுக்கியா வட்டிலப்பத்தைக் கொண்டுவந்து இந்தக் கொப்பியின் மேலேயே வைத்தாள். "பெருநாளண்டும் ஆருக்கோ ஏசித்தான் எழுதுறீங்க. அந்தக் கொப்பி வாய் தொறந்தா ஊரே ரெண்டுபடும்."

வட்டிலப்பத்தில் இனிப்புக் கூடுதல்.

ஆகஸ்ட் 16, சனி

இன்று நடந்ததை எழுதும்போதே பேனை கடதாசியைக் கிழிக்கிறது.

அச்சுக்குப் போகும் முன் பிள்ளைகளிடம் வாசித்துப் பார்ப்பது ஃபஹ்மியாவின் நிறுவனத்தில் வழக்கமாம். வாசிகசாலைக்குள் குறுக்கே வலைக்கயிறு கட்டி, படங்களை ஒவ்வொன்றாக உடுப்புக் கிளிப்பில் தொங்கவிட்டாள் லோஜினி. நாற்பது பிள்ளைகள் பாயில். நான் கதையைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றேன். படங்களை இன்னும் பார்க்கவில்லை. அதுதான் நான் விட்ட பிழை.

இரண்டாவது படத்தில் நண்டு வந்தது. பிள்ளைகளில் ஒருத்தி எழுந்து நின்று கத்தினாள்: "அது நம்மட சேர்!"

பிறகு நாற்பதும் சேர்ந்து. "நண்டு சேர்! நண்டு சேர்!"

முன்னால் போய்ப் பார்த்தேன். நண்டின் நெற்றியில் மூக்குக் கண்ணாடி ஏற்றி விடப்பட்டிருந்தது. ஒரு கொடுக்கில், சாவி வளையத்தில் கோத்த மோட்டார் சைக்கிள் திறப்பு. அந்தத் திறப்பால் ஒரு பாறையைத் தட்டிக்கொண்டு, எதிரில் நிற்கும் இறாலைப் பார்க்காமல் வேறெங்கோ பார்க்கிறது. மேல் சட்டைப் பையில் சிவப்புப் பேனை. நான் கை வைத்துப் பார்த்தேன். என் சட்டைப் பையிலும் சிவப்புப் பேனை.

ஆமை சிரித்தாள். ஆறு வருடத்தில் அவளுக்குப் பல் இருக்கிறதென்று இன்றுதான் கண்டேன். ஆனால் ஆறாவது படம் வந்ததும் நிறுத்திவிட்டாள். அதில் படத்து ஆமை இவளுடைய கறுப்புக் கைப்பையோடு மெதுவாக வருகிறது, பிள்ளைகள் "ஆமை மிஸ்! ஆமை மிஸ்!" என்று கத்தினார்கள். அவளுடைய மகள், எட்டு வயது ஹஃபீலா, பாயிலிருந்து எழுந்து வெளியே போய்விட்டாள். அதற்கு நான் என்ன செய்ய? என் மானம் கயிற்றில் தொங்குகிறது, கிளிப்போடு.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நானா? நானா நண்டு?

கழுதையில ஏத்தினது என்னை! வாப்பா சிரிச்சது என்னைப் பார்த்து! நான் கொக்கு. கொக்கு நான்தான். அதுகூடத் தெரியாமல் ஒருத்தி படம் கீறுகிறாள், நாற்பது குஞ்சு குருமான் கத்துதுகள். சின்னப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது.

பொய் சொல்லவும் தெரியாது. அதுதான் எரிகிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

லோஜினிக்குத் தொலைபேசி எடுத்தேன். கத்தினேன் என்பதுதான் சரி. அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"சேர், நீங்க சொன்னதத்தான் கீறினன். முகத்தப் பாக்காமக் கதைக்கிற ஆள். மேசையில தட்டுற ஆள். பேர் சொல்லிக் கூப்பிடாத ஆள். நீங்க சொல்லிக்கொண்டிருக்கேக்கயே திறப்பால மேசையில தட்டிக்கொண்டுதான் இருந்தீங்க. என்ன ஒருக்காக்கூடப் பாக்கேல்ல. நான் நினைச்சன், சேர் தன்னைத்தானே பகிடி பண்ணுற பெரிய மனுசன் எண்டு. எனக்குச் சரியான சந்தோசமா இருந்துது."

பெரிய மனுசன். இதைவிட அவள் ஏசியிருக்கலாம்.

"வேற ஆள் எண்டா ஃபோட்டோ ஒண்டு தாங்க சேர். மாத்திக் கீறுறன்."

தருகிறேன். ஃபோட்டோ தருகிறேன். வழக்குப் போட்டாலும் போடட்டும்.

ஆகஸ்ட் 23, சனி

மாம்புரிக்குப் போய்வந்தேன். சரீபைப் பிரதம அதிதியாக அழைக்க, அப்படியே ஒரு ஃபோட்டோவும் வாங்க. இருபத்துநான்கு வருடத்தில் அவனைத் தூரத்தில் கண்டிருக்கிறேன், கிட்டப் போனதில்லை. வழி முழுக்க முதல் வாக்கியத்தைத் தயார் செய்தேன். சலாமில் இருக்க வேண்டிய குளிர் எவ்வளவு என்பது உட்பட.

வாசலில் என்னைக் கண்டதும் ஓர் அலறல்.

"டேய் கொக்கு! யா அல்லாஹ், கொக்குடா! புள்ளையள், ஓடி வாங்க, இவன்தான் அந்தக் கழுதைக்காரன்!"

நாலைந்து பேரப்பிள்ளைகள் ஓடிவந்து என்னை ஏதோ நடிகனைப் போலப் பார்த்தன. அவர்களுக்குக் கழுதைக் கதை மனப்பாடம். அந்தக் கதையில் நான் வீரனாம். ஊரே பார்க்கக் கடற்கரை நெடுக ராசா மாதிரிப் போனேனாம்.

"அண்டைக்கு இவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்ல தெரியுமா? ஒருத்தரிட்டயும் கோள் சொல்லவுமில்ல. என்ட உயிர்க் கூட்டாளிடா இவன்!"

கண்ணீர் விடவில்லை என்பது உண்மைதான். விழாமல் இருப்பதே பெரிய வேலையாக இருந்தது.

கட்டிப்பிடித்தான். சீனி வியாதியில் ஒரு கால் விரல் எடுத்திருக்கிறார்கள், நொண்டுகிறான். மனைவி அவனை "இங்க பாருங்க, மெதுவா, மெதுவா" என்று மேய்க்கிறாள். பேரன் ஒருவன் அவன் வழுக்கைத் தலையில் தாளம் போடுகிறான். சாப்பிடாமல் விடவில்லை. முருங்கையிலை போட்ட நண்டுக் கறி. வேறென்ன?

இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன். எழுதத்தான் வேண்டும், கறி அபாரம்.

பிரதம அதிதி என்றதும் சாப்பிட்ட கையோடு எழுந்து நின்றுவிட்டான். "எனக்கா? படிச்ச ஆக்களுக்கு நடுவுலயா?" அழைப்பிதழைக் கையில் வாங்கி, என் பெயர் இருந்த இடத்தை விரலால் தடவினான். "அத்தாஉல்லா… ஓமடா, அத்தாஉல்லா! நாக்கு நுனியில நிண்டுது. ஒருநாளும் வரயில்ல பாத்தியா."

நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆளின் கண்ணைப் பார்த்துக் கதைக்கிறான். எதையும் தட்டவில்லை. ஆனால் 'டக், டக்' என்று ஒரு சத்தம் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் பேத்தி கடைசியில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். என் கையில் மோட்டார் சைக்கிள் திறப்பு.

ஃபோட்டோ கேட்கவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுத நினைத்தேன். மறக்கவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பரீனா இடமாற்ற விண்ணப்பத்தை மேசையில் வைத்தாள். எங்கள் திணைக்களத்தில் எந்த விண்ணப்பமும் பொறுப்பாளர் ஊடாகத்தான் மேலே போக வேண்டும். நான் சிபாரிசு எழுதிக் கையொப்பம் வைக்காமல் அது அசையாது. காரணம் என்ற கட்டத்தில் 'மகளின் பாடசாலை' என்றிருந்தது.

"மகளின் பாடசாலைக்கு என்ன?"

அவள் தரையைப் பார்த்தே சொன்னாள். "பள்ளிக்கூடத்துல அவள ஆமைக்குட்டி என்டு கூப்புடுறாங்க சேர். முந்தி ரெண்டு மூனு பேர்தான். அன்டைக்கு அந்தப் படத்தக் கண்ட பொறகு எல்லாரும். ஒரு கெழமையாப் போறாளில்ல. புத்தகப் பைய முதுகுல போட மாட்டேங்கிறா."

"எதற்காம்?"

"முதுகுல கொழுவினா ஓடு மாதிரித் தெரியுதாம்."

அந்தப் பெயரை யார் வைத்தது என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாதாடியிருப்பேன். எனக்கு வாதாட நன்றாக வரும்.

ஆறு வருடமாக ஒரே அறையில் வேலை செய்கிறோம். புருசன் கட்டாரில், அவள் தனியாகப் பிள்ளையை வளர்க்கிறாள். இலக்கம் ஒட்ட நேரம் எடுப்பது ஏனென்று இன்று ஒரு புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். கிழிந்த பக்கங்களையும் ஒட்டிவிட்டுத்தான் இலக்கம் ஒட்டியிருக்கிறாள். யாரும் சொல்லிச் செய்தது அல்ல.

ஆகஸ்ட் 27, புதன்

விண்ணப்பத்தில் கையொப்பம் வைக்கவில்லை. மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன்.

செப்டம்பர் 4, வியாழன்

ஃபஹ்மியா வந்தாள். கடைசி ஒப்புதல். நண்டின் கண்ணாடியையும் திறப்பையும் எடுத்துவிடச் சொல்லவா, லோஜினி தயாராக இருக்கிறார் என்று பயந்துகொண்டே கேட்டாள்.

"கண்ணாடி இருக்கட்டும். ஆறாம் பக்கத்தை நீக்குங்கள்."

"ஆமைப் பக்கமா? பக்கக் கணக்குக் குறையுமே சேர். அந்த இடத்துல என்ன போட?"

"தண்ணீர். வெறும் தண்ணீர் போடுங்கள். களப்பில் அதற்கா பஞ்சம்?"

கடைசிப் பக்கத்தையும் எழுதிக் கொடுத்தேன். நண்டு கொக்கின் மரத்தடிக்குப் போய் முதல் முறையாக நிமிர்ந்து பார்க்கிறது. "உன் பெயர் என்ன?" என்று கேட்கிறது. கொக்கு பதில் சொல்லவில்லை. நண்டு நிற்கிறது.

"அவ்வளவுதானா? ரெண்டு பேரும் கூட்டாளியாகல்லயே சேர்."

"நிற்கிறதே. ஒரு நண்டால் வேறென்ன செய்ய முடியும்?"

மடிக்கணினியைத் திறக்காமலே அதைக் கையால் எழுதிக்கொண்டாள்.

அக்டோபர் 1, புதன்

சிறுவர் தினம். வெளியீடு.

முப்பத்தெட்டு வருடம் காத்திருந்த காட்சி. சரீப் முன்வரிசையில், பொன்னாடையோடு, புதுச் சாரம், அத்தர் வாசனை. நான் வாசிக்கத் தொடங்கினேன். கழுதை வந்த பக்கத்தில் அவன் துள்ளி எழுந்தான்.

"இது எங்கட கதை! வல்லாஹி எங்கட கதை! அந்த நண்டு நான்தான்!"

பெருமையோடு, மார்பில் தட்டி, சபைக்கு முன்னால். இந்த அவமானத்துக்காகத்தான் நான் புத்தகமே எழுதினேன். அவன் அதைப் பதக்கம் மாதிரிக் குத்திக்கொண்டான்.

பிள்ளைகள் விட்டார்களா? "இல்ல, நண்டு நம்மட சேர்!"

"நான்தான்டா!"

"சேர்தான்! கண்ணாடியப் பாருங்க!"

சரீப் புத்தகத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மீண்டும் புத்தகத்தை. பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். "டேய் அத்தாஉல்லா! என்ட வேசத்த நீ எடுத்திட்டியேடா!"

சபை சிரித்தது. நான் திரும்பிச் சபையைப் பார்க்கவில்லை. வாசலில் சர்பத் தட்டோடு பரீனா நின்றார். அவரைத்தான் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். ஹஃபீலா வந்திருக்கவில்லை.

கேள்வி நேரத்தில் ஒரு சிறுமி எழுந்தாள். "கடைசிப் பக்கத்துல நண்டு ஏன் சும்மா நிக்கிது? சொறி சொல்லி மன்னிப்புக் கேக்கலாம் தானே?" நான், பட்டதாரி, நூலாசிரியர், "அடுத்த கேள்வி" என்றேன்.

புறப்படும்போது சரீப் என் தோளைப் பிடித்துக்கொண்டு வாகனம்வரை நொண்டி வந்தான். கதவைப் பிடித்தபடி நின்றான்.

"அண்டைக்கு உனக்கு நொந்திச்சாடா?"

"ஓம்."

"நீ சொல்லேல்லையே."

"நீ கேக்கேல்லையே."

சிரிப்பு அவன் முகத்திலிருந்து இறங்கிப் போனது. "ஓமடா," என்றான். "கேக்கேல்ல." கொஞ்ச நேரம் என் கையை விடாமல் வைத்திருந்தான். நான் உருவிக்கொள்ளவில்லை. மன்னித்தேன் என்று எழுத மாட்டேன். கை வேர்த்தது, அவ்வளவுதான்.

அக்டோபர் 2, வியாழன்

லாச்சியைத் திறந்து விண்ணப்பத்தை எடுத்தேன். பொறுப்பாளரின் சிபாரிசு என்ற கட்டத்தில் இப்படி எழுதினேன்:

'விண்ணப்பதாரி குறிப்பிட்டுள்ள காரணம் முழுமையானதல்ல. நான்கு வருடங்களாக வாசகர் முன்னிலையில் அவருக்குப் பட்டப்பெயர் சூட்டி அழைத்து வந்தவன் நான். அதனால் அவரும் அவரது பிள்ளையும் பாதிக்கப்பட்டுள்ளனர். அவரது கடமையில் எக்குறையும் இல்லை. இடமாற்றத்தைச் சிபாரிசு செய்கிறேன். எனது நடத்தை தொடர்பில் விசாரிக்கப்படின் ஒத்துழைப்பேன்.'

கையொப்பம், திகதி, றப்பர் முத்திரை. மன்னிப்பு எனக்குக் கடிதத் தமிழில்தான் வந்தது, வாய்க்கு வரவில்லை.

வெளியே போகும் கடிதங்களைப் பதிவது பரீனாவின் வேலை. நின்றபடி வாசித்தார். மெதுவாகத்தான் வாசித்தார். வாசிக்கட்டும்.

"இத அனுப்பினா உங்களுக்குத்தான் சேர் விசாரணை வரும்."

"தெரியும். அனுப்புங்கள், பரீனா."

சொந்தப் பெயரைக் கேட்டு ஒரு கணம் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரோ நிற்பதாக நினைத்து.

அக்டோபர் 20, திங்கள்

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. என்னைக் கடித்துக் குதறக் காத்திருப்பவர்கள் அங்கே நாலு பேர் உண்டு. இவ்வளவு நாள் பொறுக்கிற ஆட்கள் அல்ல.

நவம்பர் 8, சனி

விண்ணப்பம் என்னவாயிற்று என்று இன்று கேட்டேவிட்டேன். பரீனா கறுப்புக் கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த கடதாசியைக் காட்டிவிட்டு மூடினார்.

"வச்சிரிக்கிறன் சேர். கையெழுத்து, முத்திர எல்லாம் சரியாத்தானே இரிக்கி? திரும்ப ஆருக்காவது பட்டம் வச்சீங்கண்டா அன்டைக்கே தபால்ல போட்டுருவன்."

சிரிக்காமல் சொன்னார். ஆறு வருடத்தில் அவர் என்னிடம் பேசியதில் மிக நீளமான பேச்சு.

பிறகு சனிக்கிழமை வாசிப்பு. பாயில் முப்பது பிள்ளைகள். ஓரத்தில் ஹஃபீலா, புத்தகப் பையை முதுகிலேயே மாட்டியபடி. நான் புத்தகத்தை எடுக்கத் திரும்பியபோது ஒரு பெரிய குரல், அவளுடையதுதான்:

"நண்டு சேர், நடந்து காட்டுங்க!"

பரீனா பதறிப்போனார். "வாய மூடு! சேரை அப்படிச் சொல்ற இல்ல."

"சொல்லட்டும்," என்றேன்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினேன். மொழி வரலாறு அலுமாரியிலிருந்து சமயம் அலுமாரிவரை, இரண்டு கையையும் கொடுக்குப்போல் தூக்கிக்கொண்டு, பக்கவாட்டில் நடந்து போனேன். திரும்பியும் வரச் சொன்னார்கள். வந்தேன்.

முழங்கால் இரண்டும் நோகிறது. றுக்கியாவிடம் எண்ணெய் சுடவைக்கச் சொல்லியிருக்கிறேன்.